ஆத்திக் குடுத்த தேத்தண்ணி

இசிஜி எடுக்கிற உத்தியோகத்தில் சூடாக டீ குடித்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள், பார்க்கலாம். கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் யாருக்காவது நெஞ்சு படபடக்கும். குன்னூர் ஆஸ்பத்திரியில் நான் மெஷினோடு மல்லுக்கட்டிய காலம், தேயிலை விலை சரிந்து ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். மலையில் எல்லார் நெஞ்சும் படபடத்ததில் ஆச்சரியமில்லை.

கொக்கி போட்ட கரண்ட்

ராமையா எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காய வைக்கும் மெஷினைப் பார்த்துக்கொண்டவர். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மாரடைப்பிலிருந்து தப்பித்தவர், சில மாதம் கழித்து வேலை நடுவில் மயங்கி விழுந்தார். இசிஜியைப் பார்த்ததும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் அவரையும் மனைவி பாக்கியத்தையும் உட்கார வைத்து விளக்கினார். மாரடைப்பு விட்டுப்போன தழும்பில் கரண்ட் குறுக்குவழியில் சுற்றுகிறது, அதனால் துடிப்பு தறிகெட்டு ஓடுகிறது, விட்டால் உயிருக்கே ஆபத்து. கோயமுத்தூரில் தொடை வழியாக மெல்லிய வயரை இதயத்துக்குள் விட்டு அந்த இடத்தைச் சுட்டுவிடுவார்கள். திரும்ப வராது என்று சத்தியம் பண்ண முடியாது, வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும். ராமையா தலையாட்டிவிட்டுச் சொன்னார்: "வெளங்குதுங்க ஐயா. எவனோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடுறான், அத அறுத்துவிடப் போறீங்க."

சத்தமில்லாத நெஞ்சு

அதே சிகிச்சை செய்துகொண்ட பக்கத்து ஊர் அருவங்காட்டு கிளார்க் ஒருவர், துடிப்பு ஒழுங்கான பிறகும் மாதம் தவறாமல் வந்துவிடுவார். "நல்லாத்தானே இருக்கீங்க, எதுக்கு வர்றீங்க?" என்று ஒருநாள் சிடுசிடுத்தேன். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி சொன்னார்: "ஏனுங்க, முன்னெல்லாம் அது அடிக்கற அடியில உசுரோட இருக்கறது தெரியுமுங்க. இப்ப சத்தமே காணோமுங்க, அதான் கேட்டுட்டுப் போலாம்னு."

பாக்கியம் சொன்ன குற்றம்

கோயமுத்தூரில் சுட்டுக்கொண்டு வந்த ராமையாவுக்குச் சில வருஷம் ஒரு குறையும் இல்லை. ஃபேக்டரி மூடியதும் மகன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். மருமகள் பிரசவத்துக்காகப் பாக்கியம் அங்கே போயிருந்தபோது ராமையா மறுபடியும் விழுந்தார். கரண்ட் அதே தழும்பில் புது வழி கண்டுபிடித்திருந்தது. கோயமுத்தூர் போக ஆம்புலன்ஸ் தயாரானபோது பாக்கியம் வந்து சேர்ந்து, என் அறை வாசலிலேயே உடைந்து அழுதார். "நெஞ்சுல சூடு வெச்ச மனுசன்னு நான் இத்தன வருசமா தேத்தண்ணிய ஆத்தி ஆத்திப் பச்சத் தண்ணியாத்தான் குடுத்தேன். நான் இல்லாதப்ப பக்கத்து லயத்து வீட்டுல சுடச்சுடக் குடிச்சிருக்காரு. என்னாலதான் திரும்ப வந்திருச்சு."

வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன். அன்று அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தேன். "குடிக்கிற டீ வயித்துக்குத்தான் போகும், நெஞ்சுக்குப் போகாதுங்க அக்கா. இது உங்க தப்பே இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். நான் நர்ஸ் இல்லை என்று பலமுறை சொல்லியும் கேட்காதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அவரு பொழச்சு வந்தா, சூடாவே குடுக்கலாமா நர்ஸம்மா?"

ஆறுகிற வரைக்கும்

பிழைத்து வந்தார். இரண்டாவது முறை சுட்டது நிலைத்தது. வருஷா வருஷம் இருவரும் சேர்ந்தே வந்தார்கள், காகிதத்தில் துடிப்பும் ஒழுங்காகவே வந்தது. ஒரு மழைநாளில் இசிஜி முடிந்ததும் பாக்கியம் ஃபிளாஸ்க்கைத் திறந்து, டீயை இரண்டு டம்ளரில் மாற்றி மாற்றி ஆற்ற ஆரம்பித்தார். ராமையா ஸ்வெட்டருக்குள் நடுங்கியபடி எதிரே பொறுமையாக உட்கார்ந்திருந்தார்.

"சூடா குடுக்கலாம்னு அன்னிக்கே சொன்னேனேங்க அக்கா, பாவம் அந்த மனுஷன்" என்றேன். பாக்கியம் டம்ளரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் நர்ஸம்மா. சூடா குடுத்தா ஒரே மடக்குல குடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. இது ஆறுற வரைக்கும் என் முன்னால உக்காந்திருப்பாருல்ல."

அன்றிலிருந்து என் டீ ஆறிப்போவதில் எனக்கு வருத்தமில்லை, ஆற்றிக் கொடுக்க ஆளில்லாமல் தானாகவே ஆறித் தொலைகிறதே என்பதில்தான் கொஞ்சம் வருத்தம்.