முகப்பொலிவுக்குப் பத்து மதிப்பெண்

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு 20, சனிக்கிழமை, காலை பத்தேகால் மணி. கடலூரில் ஒரு பள்ளி மேடையின் பின்புறத்தில்தான் தமிழாசிரியர் ராஜாமணி ஞானாம்பாளை முதன்முதலாகப் பார்த்தார். ராஜாமணி நடனப் போட்டியின் செயலாளர். ஞானாம்பாள் பிள்ளைகளுக்கு ஒப்பனை செய்ய வந்தவர். இடது புறங்கையில் இரண்டு மூன்று பூச்சுகளைக் குழைத்து, எதிரே இருந்த சிறுமியின் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாருக்கும் ஒரே ரோஸ்தானேம்மா பூசுவாங்க?"

"எல்லாரும் ஒரே நெறமா சார்? இவளுக்கு ரோஸ் பூசினா சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கும். கண்ணு எப்படிப் பேசும்?"

சிறுமி சிரித்தாள். அவள் பெயர் தமிழினி, வயது பதினொன்று, தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பெண். சுனாமிக்குப் பின் அவள் குடும்பம் தகரக் கொட்டகையில் இருந்தது. ஞானாம்பாளுக்கும் அதே ஊர். கூத்துக்கு அரிதாரம் பூசிய தகப்பனிடம் நிறம் குழைக்கக் கற்றவர்.

தமிழினி ஆடி முடித்தபோது அரங்கம் எழுந்து கைதட்டியது. ஆனால் முதற்பரிசு இரண்டு மதிப்பெண்ணில் தவறியது. அதனோடு சிதம்பரத்தில் ஆடும் வாய்ப்பும் தவறியது. கூட்டிப் பார்த்த ராஜாமணிக்குக் காரணம் விளங்கியது. அபிநயத்தில் அவளுக்கு இருபதுக்குப் பதினெட்டு. அன்றைக்கு அதுவே அதிகம். 'முகப்பொலிவு' என்ற கட்டத்தில் பத்துக்கு மூன்று. சிவந்த பிள்ளைகளுக்கெல்லாம் எட்டும் ஒன்பதும். அந்தக் கட்டத்தை மதிப்பெண் தாளில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுச் சேர்த்தவர் ராஜாமணியேதான்.

"எதுல சார் கொறஞ்சுது?" என்று தமிழினி வந்து நின்றாள்.

"அபிநயம் பத்தலம்மா" என்றார். வாயில் வந்தது அதுதான்.

ஞானாம்பாளிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். அந்த அம்மாள் பஞ்சைக் கீழே வைத்தார்.

"கருப்புக்கு மார்க்கு கொறைச்சது அவுங்க. புள்ளகிட்ட பொய் சொன்னது நீங்க. நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க சார்."

"அடுத்த வாரம் வந்து சொல்றேம்மா."

அடுத்த வாரம் அவர் போகவில்லை. மறு ஆண்டு போட்டியின்போது ஞானாம்பாள் சொன்னார்: "ஒடைஞ்ச கண்ணாடி ஒண்ண மாட்டிவச்சிக்கிட்டு தெனம் அழுவுறா, சிரிக்கிறா சார். அபிநயம் பத்தலையாம்." ராஜாமணி அந்த ஆண்டும் தமிழினியிடம் போகவில்லை.

அதன்பின் ஞானாம்பாள், முகப்பொலிவுக் கட்டம் உள்ள போட்டிக்கு ஒப்பனை செய்ய மறுத்தார். பண்ருட்டி, விருத்தாசலம் என்று ஊர் ஊராகப் போய் அமைப்பாளர்களிடம் அதை எடுத்துவிடச் சொன்னார். பாதி இடங்களில் வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். 2009இல் சிதம்பரத்தில் ராஜாமணி குறிப்பெழுதிய நடுவர் கூட்டத்துக்கும் வந்தார்.

"மேக்கப் போடறவங்க மார்க்கு போட வந்துட்டாங்களா?" என்றார் ஒரு நடுவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"தொட்டுப் பாக்குறவ நான்தான் சார். நீங்க தூரத்துலேர்ந்துதான பாக்குறீங்க?"

"நெறத்துக்காக யாருக்கும்மா கொறைச்சோம்? ஒரு பேரு சொல்லு."

ஞானாம்பாள் ராஜாமணியை ஒருமுறை பார்த்தார். ராஜாமணி கூட்டக் குறிப்பேட்டில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் எழுந்து நின்றிருந்தால் போதும். அந்த அம்மாள் அவர் பெயரையும் சொல்லவில்லை, பிள்ளையின் பெயரையும் சொல்லவில்லை.

நச்சரிப்புத் தாங்காமல் மறு ஆண்டு கட்டத்தை நீக்கினார்கள். 'நேரம் மிச்சமாகும் என்பதால்' என்று குறிப்பேட்டில் காரணம் எழுதியவர் ராஜாமணி.

2012இல் சிதம்பரத்தில் தமிழினி தனியாக ஆடினாள். முகத்தில் அவளுடைய சொந்த நிறம். ஆடி முடித்ததும் நேராக ராஜாமணியிடம் வந்து காலைத் தொட்டாள்.

"அன்னைக்கு நீங்க சொன்னதாலதான் சார் அபிநயத்துல இவ்ளோ பாடுபட்டேன்."

ராஜாமணி அவளுக்குப் பின்னால் பார்த்தார். ஞானாம்பாள் பஞ்சை அலசிப் பிழிந்துகொண்டிருந்தார். காதில் விழாமல் இருந்திருக்காது. அந்த அம்மாள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ராஜாமணி அங்கேயே சொல்லியிருப்பார். அப்படித்தான் இன்றும் நினைத்துக்கொள்கிறார்.

ஞானாம்பாள் தகரப்பெட்டியை மூடினார்.

"சாப்டீங்களா சார்?" என்றார். பிறகு பெண்ணிடம், "வாடி, கடலூர் பஸ்ஸு போயிடும்."