மை அக்கா காத்திருந்த தேர்தல்

குடிநீர் அலுவலகத்தில் தட்டச்சராக இருக்கும் அவளை எல்லாரும் மை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தேர்தல் வந்தால் வாக்காளர் விரலில் மை வைக்கிற வேலை அவள் தலையில்தான் விழும். அப்புறம் அழித்துவிடலாம் என்று சிலர் விரலில் எண்ணெய் தடவிக்கொண்டு வருவார்கள். அவளிடம் அந்தப் பருப்பு வேகாது. விரலைப் பிடித்து, துணியால் அழுத்தித் துடைத்து, நகமும் சதையும் சேர்கிற இடத்தில் கோடு இழுத்த பிறகுதான் கையை விடுவாள்.

எந்தச் சாவடியில் போட்டாலும் வாய் திறக்காமல் போகிறவள், இந்த நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் ஒற்றைக்காலில் நின்று ஒரு பள்ளிக்கூடத்துச் சாவடியில் இன்னொருத்திக்குப் போட்டிருந்த இடத்தை மாற்றி வாங்கினாள். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் அண்ணனுக்கு ஓட்டு.

அண்ணன் லாரி ஓட்டுகிறவர். அப்பா இறந்தபோது எங்கோ வெளியூர்ச் சாலையில் இருந்தார். போன் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவசரப்படுத்தினார்கள், இவளும் காத்திராமல் அடக்கம் செய்துவிட்டாள். அண்ணன் வந்து இறங்கியபோது கழுவிவிட்ட தரைதான் மிச்சம். "ஒரு ராத்திரி பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அதோடு பேச்சு நின்றது. இவள் அவர் வீட்டுக்குப் போனால் அவர் பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடுவார்.

மனிதர் பிடித்தால் பிடித்த பிடிதான். ஓட்டு விஷயத்திலும் அப்படியே, காய்ச்சலோடு வந்தாவது போட்டுவிடுவார். அதைத்தான் இவள் நம்பினாள். மை வைக்கிறவளிடம் கையை நீட்டித்தானே ஆகவேண்டும். கையைப் பிடித்துக்கொண்டு 'அண்ணா' என்றால், ஒரு வார்த்தை பேசாமலா போய்விடுவார்?

பாவம், அவள் நினைத்ததுபோல் ஊர் நடந்துகொள்ளவில்லை. காலையில் நாலைந்து பெரியவர்கள் வந்ததோடு வாசல் வெறிச்சோடிவிட்டது. கட்சி ஏஜெண்டுகள் குழந்தைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். இவள் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.

மத்தியானம் சாவடி அதிகாரி சொன்னார்: "போய் சாப்பிட்டு வாங்கம்மா. ஒரு ஈ காக்கா இல்ல. யாராவது வந்தா நானே மை வெச்சு அனுப்பிடறேன்."

"பசிக்கல சார்."

பசி வயிற்றைக் கிள்ளியது. எழுந்துபோகிற நேரம் பார்த்து அண்ணன் வந்துவிட்டால் என்ன செய்வது? டப்பாவைத் திறக்கவேயில்லை. வெயில் சாய்ந்தது, நேரம் முடிந்தது, கதவைச் சாத்தினார்கள். அண்ணன் வரவில்லை. உடம்புக்கு ஏதாவதோ என்று நினைத்தாள்.

கை கழுவ வெளியே வந்தவளிடம் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கேட்டார்: "ஏம்மா, உங்க அண்ணன் லாரி டிரைவரா?"

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

"மத்தியானம் வந்தாரு. ஜன்னல் வழியா உங்களப் பாத்துட்டு உள்ள போகல. அந்தம்மா சாப்பிட எப்ப எழுந்து போவாங்கன்னு கேட்டாரு. எதுக்குன்னேன். என் தங்கச்சிதான், அவ எழுந்து போனதும் ஓட்டுப் போட்டுட்டுப் போயிடறேன்னாரு. பாவம், ரொம்ப நேரம் மதிலோரமா வெயில்லயே நின்னாரு. நீங்க எழுந்திருக்கவே இல்ல. லோடு ஏத்தணும்னு கிளம்பிட்டாரு."

அவள் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒரு நாளும் ஓட்டைத் தவறவிடாத மனுஷன். அவர் மனசு இன்னும் ஆறவில்லை என்பது ஒரு வலி என்றால், அவரை ஓட்டுப் போடவிடாமல் தானே வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்பது அதைவிடப் பெரிய வலியாக இருந்தது.

உள்ளே அதிகாரி பெட்டிக்கு அரக்கு வைத்தபடி அலுத்துக்கொண்டார். "இவ்வளவு கம்மியா விழுந்திருக்கே. ஏன் ஜனங்க வரலன்னு மேல கேட்டா என்னத்தச் சொல்றது?"

"வெயில்னு சொல்லுங்க சார்" என்றாள் மை அக்கா.