காதுகுத்துப் பாட்டும் இரட்டிப்பான பாசியும்: பழவேற்காட்டில் ஒரு கருத்தரங்கு

நுண்ணோக்கிப் படங்களில் உயிரணுக்களை எண்ணும் மென்பொருள் எழுதுவது என் வேலை. இதே வேலையில் இருப்பவர்கள் கூடும் மூன்று நாள் கருத்தரங்கு போன தை மாதம் சென்னையில் நடந்தது. கடைசி நாளான ஞாயிற்றுக்கிழமை மட்டும் பழவேற்காட்டில். ஏரித் தண்ணீரை எடுத்து, அங்கேயே படம் பிடித்து, அதிலுள்ள பாசிகளைக் கணினி எண்ணுவதை எல்லோர் முன்னாலும் காட்ட வேண்டும். காட்ட வேண்டியவள் நான். களத்திலும் மென்பொருள் ஒழுங்காக ஓடும் என்று நிரூபித்தால்தான் அடுத்த கட்ட நிதிக்கு விண்ணப்பிக்கவே முடியும்.

எங்களை அழைத்துப்போகும் வேன் புறப்படும் இடத்தை முந்தைய நாள் மாற்றியவர்கள் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். அதனால் பன்னிரண்டு கிலோ நுண்ணோக்கிப் பெட்டியோடு சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி மின்ரயில் ஏறினேன். பொன்னேரிக்குப் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. மீஞ்சூர் வரை பெட்டி உட்கார்ந்து வந்தது, நான் நின்று வந்தேன். பொன்னேரியிலிருந்து பழவேற்காடு சுமார் இருபது கிலோமீட்டர். பேருந்தில் பெட்டியை வைக்க இடமில்லை. ஆட்டோவுக்கு நானூறு.

“இன்னாக்கா அது, தையல் மிஷினா?” என்றார் ஓட்டுநர்.

“மைக்ராஸ்கோப்புங்க. மெதுவா போங்க.”

“மடில வெச்சுக்கோ. ரோடு சுமாராத்தான் கீது.”

சுமார் என்பதற்கு அவர் வைத்திருந்த பொருளை என் முழங்கால்கள் இரண்டு நாள் நினைவு வைத்திருந்தன.

பாலம் தாண்டி, கடலோரக் குப்பம் ஒன்றின் சமுதாயக் கூடத்தில்தான் அமர்வு. மாடி எங்களுக்கு. கீழே காதுகுத்து. இரண்டு பேருக்கும் ஒரே நாளில் இடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது படிக்கட்டின் அடியில் ஆளுயர ஒலிபெருக்கியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாய்மாமன் வரும்வரை பாட்டு ஓயாது என்றார் கூடத்தைக் கவனித்துக்கொள்ளும் ஏழுமலை. தாய்மாமன் இன்னும் பொன்னேரிக்கு முந்தைய அனுப்பம்பட்டைக்கூடத் தாண்டவில்லையாம்.

அமைப்பாளர் ரகுநாதன் என்னைக் கண்டதும், “லேட்” என்றார். வேன் விஷயத்தை எடுத்தேன். அவர் வேறு யாருக்கோ வணக்கம் சொல்லப் போய்விட்டார்.

பாசியில் இருக்கும் பச்சையம், நீல ஒளி பட்டால் சிவப்பாக மின்னும். அந்தப் புள்ளிகளைத்தான் மென்பொருள் எண்ணுகிறது. படம் பிடித்தேன், எண்ணிக்கை திரையில் விழுந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மிக அதிகம். ரகுநாதனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். ஒலிவாங்கியைப் பிடுங்கி, கருத்தரங்கின் இணையப் பக்கத்துக்கு எடுத்துக்கொண்டிருந்த காணொளிக்காகத் தமிழிலேயே சொன்னார்: “ஏரியில் பாசி அபாய அளவைத் தொட்டுவிட்டது!” கைதட்டல். எனக்கும் ஒரு கணம் பெருமையாகத்தான் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில், ஒரே திசையில், இன்னொரு புள்ளி. கீழே பாட்டு அதிர, மேலே மேசை அதிர, ஒரு பாசி இரண்டாகப் பதிவாகியிருந்தது. இரண்டையும் என் மென்பொருள் விசுவாசமாக எண்ணியிருந்தது.

ரகுநாதனிடம் மெதுவாகச் சொன்னேன். “இப்ப இதெல்லாம் தேவையா மேடம்? நம்பர் நல்லாத்தானே வந்திருக்கு? அடுத்தவர் காத்துக்கிட்டிருக்கார்” என்றார்.

அதற்குள் பட்டுப்புடவையில் ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். காது குத்தப்போகும் குழந்தையின் அம்மா, கஸ்தூரி. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஏழுமலை கீழே போய்ச் சொல்லிவிட்டிருந்தார்.

“இன்னாமா, ஏரித் தண்ணில வெசம்னு சொன்னீங்களாமே? அண்டா நெறைய எறாக் கொழம்பு கீது. கீழ கொட்டுன்னு நிக்கிறாங்க. எங்க வூட்டுக்காரரு காலைல ஏரில வலை போட்டுப் புடிச்சது. நாளைக்கு எங்க சரக்க எவன் வாங்குவான்?”

“வெஷம்னு நாங்க சொல்லலைங்க. அதிகம்னு சொன்னோம், அதுவும் தப்பு. பாட்டை நிறுத்தச் சொல்லுங்க, இப்பவே திரும்ப எண்ணிக் காட்டறேன்.”

“பாட்ட நிறுத்துனா எங்கண்ணன் வந்து கோச்சுக்குவான்.”

“கொழம்பைக் கொட்டினா?”

என்னை ஒரு முறை முறைத்துவிட்டு இறங்கிப் போனார். பாட்டு நின்றது. ரகுநாதன் கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டிருக்க, அதே தண்ணீரைத் திரும்பப் படம் பிடித்தேன். எண்ணிக்கை ஏறக்குறைய பாதி. புள்ளிகளின் வடிவத்தையும் பார்த்தேன். எப்போதும் இந்த ஏரியில் இருக்கும் சாதாரணப் பாசிகள், மீனுக்கு இரையாகிறவை.

ஒலிவாங்கியை வாங்கி, “முதலில் காட்டியது தவறு” என்றேன். யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “அப்படியானால் உங்கள் பழைய எண்ணிக்கைகளை எப்படி நம்புவது?” என்றார். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்கிறேன் என்று மட்டும் சொல்ல முடிந்தது.

மடிக்கணினியோடு கீழே போனேன். இரண்டு படங்களையும் காட்டி விளக்கினேன். ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. “அத்த வுடுமா. நீ துன்னு, பாப்பம்” என்றார் ஒருவர். இலை போட்டார்கள். கூட்டம் சுற்றி நிற்க, இறால் குழம்போடு சோறு தின்றேன். காரம் கண்ணில் நீர் வரவைத்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் பின்வாங்கினார்கள். கஸ்தூரி, “தள்ளு” என்று பக்கத்தில் உட்கார்ந்து அதே அண்டாவிலிருந்து போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் பந்தி நிறைந்தது.

போகிறவர்களுக்கு: பேருந்தை நம்புங்கள், ஆனால் சிறு பையோடு மட்டும். திரும்பும் ஆட்டோவை முன்பே பேசிவையுங்கள். முகூர்த்த மாதத்தில் அமர்வு நடத்துகிறீர்கள் என்றால், கீழ்த்தளத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். உங்கள் எண் யார் காதில் விழுகிறது என்றும் யோசியுங்கள். எனக்கு அது அன்றுதான் உறைத்தது.

நிதி விண்ணப்பத்தைத் தள்ளிப்போட்டுவிட்டேன். கருத்தரங்கின் இணையப் பக்கத்தில் இன்னமும் முதல் படம்தான் இருக்கிறது, அபாய அளவு என்ற தலைப்போடு. மாற்றச் சொல்லி நான்கு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. அந்தப் படம் உங்கள் கைப்பேசிக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அது தவறு. எண்ணியவள் சொல்கிறேன்.