அத்தா போட்ட ரூல்

கேட்டால் சவுதியில் சைட் சூப்பர்வைசர் என்று சொல்வேன். கட்டடக் கம்பெனியில் வெயிலில் நின்று ஆட்களை விரட்டுகிற வேலை. லப்பைக்குடிக்காட்டில் எனக்கு ஒரு வீடு, மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகன், நாலாவது படிக்கும் மகள். கம்பெனி விடும்போது லீவில் வருவேன். வரும்போது பெட்டி பெட்டியாகச் சாமான் வரும். அப்படிப் போன லீவில் வந்து சேர்ந்ததுதான் அந்த விளையாட்டு.

தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். பெட்டியின் மேல் ஒரு தகப்பன், தாய், இரண்டு பிள்ளைகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சிரிப்பதுபோல் படம். அந்தப் படத்தைப் பார்த்து மனம் உருகி வாங்கினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எடை குறைவு, லக்கேஜில் இடம் இருந்தது, வாங்கினேன். அந்த லீவு முழுக்கக் கல்யாணத்துக்கும் மௌத்து வீடுகளில் துக்கம் விசாரிப்பதற்கும் பெரம்பலூர் ரிஜிஸ்டர் ஆபீசுக்கும் அலைந்ததிலேயே தீர்ந்துபோயிற்று. நான் திருச்சியில் விமானம் ஏறிய பிறகுதான் பிள்ளைகள் பெட்டியைப் பிரித்தார்கள்.

உள்ளே ஒரு அட்டை, ஒரு பகடை, சீட்டுக்கட்டு, மணல் கொட்டுகிற சின்னக் குப்பி, பை நிறையப் பிளாஸ்டிக் கல். ஒன்றோடு ஒன்று கிளிக்கென்று பொருந்துகிற சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளைக் கற்கள். பகடையில் என்ன விழுகிறதோ அத்தனை கல்தான் எடுக்கலாம். சீட்டை ரகசியமாக எடுத்துப் பார்த்து, அதில் உள்ளதைக் கட்ட வேண்டும். பாலம், கிணறு, கப்பல், இப்படி எதுவாகவும் இருக்கும். மணல் கொட்டி முடிவதற்குள் மற்றவர்கள் அது என்னவென்று கண்டுபிடித்துவிட்டால், கட்டியவருக்கு அட்டையில் ஒரு மனை, கண்டுபிடித்தவருக்கு ஒரு மனை. மனை அதிகம் வைத்திருப்பவர் ஜெயித்தவர். கொஞ்சம் கல்லை வைத்துக்கொண்டு பார்த்ததும் புரிகிற மாதிரி கட்டுவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரியாது. மகன் போனில் ஒவ்வொன்றாக விளக்கினான். நான் ‘சரி, சரி’ என்றேன்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து, சாப்பிட்டு, கட்டிலில் சாய்ந்ததும் வீட்டுக்கு வீடியோ போடுவேன். ஊரில் அப்போது சாயங்காலம். என்னையும் ஆட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். போனில் இருக்கிறவன் எப்படிக் கல் வைப்பான்? அதற்கும் அவளே வழி சொன்னாள். “அத்தாவுக்குக் கை நான்” என்றாள். என் முறை வந்தால் போனையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போவாள். யார் காதிலும் விழாமல் நான் அவளிடம் எப்படிக் கட்டுவது என்று சொல்ல வேண்டும். அவள் திரும்பி வந்து கட்டுவாள்.

நான் சொன்னது பெரும்பாலும் ஒன்றுதான். “நீயே பாத்து வையிம்மா.” அறையில் கூட இருக்கிறவர்கள் லேப்டாப்பில் கிரிக்கெட் போட்டிருப்பார்கள். போனை ஒரு தலையணைமேல் சாய்த்துவிட்டு என் கண் அங்கேதான் இருக்கும். மேட்ச் இல்லாத வெள்ளிக்கிழமைகளில் தூங்கியிருக்கிறேன். வாரம் முழுக்க உழைக்கிறவன், கொஞ்சம் சாய்ந்தால் என்ன என்று ஒரு வீம்பு. யாருக்காக உழைக்கிறேன் என்று ஒரு கேள்வி வேறு கைவசம் இருந்தது. யாரும் என்னை எதுவும் கேட்காததால் அதைப் பயன்படுத்த வேண்டி வரவில்லை.

ஆனால் ஊரில் நான் பெரிய ஆட்டக்காரனாகிவிட்டேன். “அத்தாதான் இன்னிக்கும் வின்னர்” என்று மகள் போனைத் தூக்கிக் காட்டுவாள். மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். “நாலே கல்லுல ஒட்டகம் கட்டிட்டாங்கடா ஒம் மச்சான்” என்று மனைவி அரியலூரில் இருக்கும் தன் தம்பியிடம் பெருமையடித்தாள். கட்டடக் கம்பெனிக்காரன் மூளை அப்படித்தான் வேலை செய்யும் என்று அவனும் நம்பினான். நானும் மறுக்கவில்லை. மறுக்காதது மட்டுமில்லை, ஒருமுறை அறையில் இருந்தவர்களிடம் அந்த ஒட்டகத்தைப் பற்றி என் யோசனை மாதிரியே சொன்னேன். எப்படிக் கட்டினீர்கள் என்று ஒருவர் கேட்டபோது பேச்சை மாற்றினேன்.

இந்த லீவில் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை. வந்து சேர்ந்த வெள்ளிக்கிழமையே மைத்துனன் அரியலூரிலிருந்து குடும்பத்தோடு வந்துவிட்டான். அவனுக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓடுகிறது. பேச்சும் லாரி மாதிரி, வழி விட்டுத்தான் ஆக வேண்டும். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவும்போதே ஆரம்பித்தான்.

“மச்சான், இன்னிக்கு உங்க ஆட்டத்த நேர்ல பாக்காம நா போறதா இல்ல.”

“அசதியா இருக்கு மாப்ள.”

“அதெல்லாம் கிடையாது. உக்காருங்க.”

ஹாலில் பாய் விரித்தார்கள். அட்டையை விரித்துக் கல்லைக் கொட்டினார்கள். அதைக் கையால் தொடுவது எனக்கு அதுதான் முதல்முறை. மைத்துனனும் அவன் மனைவியும் புதிது என்பதால் மகன் அவர்களுக்கு விதிகளைச் சொல்ல ஆரம்பித்தான். பெட்டியோடு வந்த தாளில் உள்ளதைச் சொல்லி முடித்துவிட்டு, “இனிமே சொல்றதெல்லாம் அத்தா போட்ட ரூல்” என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அம்மா வந்து உக்காராம டைஸ் உருட்டக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது அம்மாகிட்ட டீ, தண்ணி எதுவும் கேக்கக் கூடாது, வேணும்னா அவங்கவங்க எந்திரிச்சுப் போய் எடுத்துக்கணும். தோத்தவங்கள பாத்து சிரிக்கக் கூடாது. வச்ச கல்ல திருப்பி எடுக்கக் கூடாது. ஜெயிச்சவங்கதான் எல்லாத்தையும் பிரிச்சு பெட்டில போடணும்.”

இதில் ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை. சொல்லியிருக்கவும் மாட்டேன். லீவில் வந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்து தண்ணீர் கேட்கிறவன் நான். அன்று காலையில்கூட, குளித்துக்கொண்டிருந்த மனைவியைக் கூப்பிட்டு என் கண்ணாடி எங்கே என்று கேட்டிருக்கிறேன். மகளைத் தேடினேன். அவள் கல்லை நிறவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை.

“மாஷா அல்லாஹ், நல்ல ரூலா இருக்கே” என்றாள் மைத்துனன் மனைவி. அவள் தன் புருஷனைப் பார்த்த பார்வையை அவன் பார்க்காததுபோல் இருந்துவிட்டான்.

வாயைத் திறந்து ‘இதெல்லாம் நான் சொல்லவில்லை’ என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. பாராட்டு இனித்தது என்பதுதான் கேவலம்.

மனைவி அடுப்படியைத் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதுவரை ஒருவரும் பகடையைத் தொடவில்லை. முதல் முறை எனக்கு. பகடையில் ஆறு விழுந்தது. சீட்டைத் திருப்பிப் பார்த்தேன், பாலம். இது என்ன பெரிய விஷயம், பாலத்துக்குக் கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டவன்தானே என்று இரண்டு கல்லை நிறுத்தினேன். மேலே வைத்த கல் எட்டவில்லை. நிறுத்திய கல்லைப் பிடுங்கி நெருக்கி வைக்கப் போனேன்.

“அத்தா!” மகன் கத்தினான். “வச்சத எடுக்கக் கூடாது. நீங்கதானே போட்டீங்க!”

“என்ன மச்சான், சட்டம் போட்டவரே இப்படி பண்ணுனா எப்படி?” மைத்துனன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

வேறு கல்லை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். மணல் கொட்டித் தீர்ந்தது. நான் கட்டியிருந்ததைப் பார்த்து ஒருவர் மேஜை என்றார், ஒருவர் ஆட்டுக்கொட்டகை என்றார். மகன் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பது ரூல். அவன் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. எத்தனை வெள்ளிக்கிழமை இந்த ஆளிடம் தோற்றிருக்கிறான்!

இரண்டாவது சுற்று வந்தது. பகடையை உருட்டிவிட்டுச் சீட்டை எடுத்தேன். கோட்டை. ஒன்றும் ஓடவில்லை. மகள் எழுந்தாள்.

“அத்தா வழக்கமா அடுப்படிலதான் யோசிப்பாங்க. கார்ட எடுத்துட்டு வாங்கத்தா.”

“அத்தாதான் இங்கயே இருக்காங்கள்ல, எதுக்கு உள்ள?” என்றான் மகன்.

“ரூல் ரூல்தான். நா அத்தாவோட கை.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். அடுப்படியில் கதவை ஒருக்களித்துவிட்டு என் கையிலிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தாள். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

“ரஞ்சன்குடி கோட்டைய நெனச்சுக்கங்கத்தா. உசரமா கட்டாதீங்க. சுத்தி வளைச்சு வைங்க, ஒரு எடத்துல மட்டும் வாசலுக்கு கேப்பு விடுங்க. வாசல்கிட்ட ஒரு வெள்ளக் கல்லு. ஸ்கூல்ல கூட்டிட்டு போனாங்கன்னு சொன்னேன்ல, அந்த மாதிரி.”

“எப்ப சொன்ன?”

கேட்டதும் எனக்கே புரிந்துவிட்டது. ஏதோ ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருப்பாள். அப்போது மேட்சில் யாராவது அவுட் ஆகியிருப்பார்கள்.

“அந்த ரூலெல்லாம் நீயாம்மா போட்ட?”

“ம்.”

“ஏன் நா போட்டதா சொன்ன?”

“நா சொன்னா அண்ணன் கேக்க மாட்டான்.”

அதற்குமேல் கேட்காமல் இருந்திருக்கலாம். எனக்கு எங்கோ ஒரு நப்பாசை, இவள் என்னை முழுக்கக் கவனித்திருக்க மாட்டாள் என்று. “நா சரியா வெளையாடலன்னு ஒனக்கு தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியும். மேட்ச் சத்தம் கேக்கும். அதான் உள்ள வந்தோன்ன சவுண்ட கம்மி பண்ணிடுவேன், அம்மாவுக்கு கேக்கக் கூடாதுன்னு.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. பால் பொங்கும் என்பதால் அடுப்பைக் குறைத்தேன் என்று சொல்வதுபோல் சொன்னாள். சைட்டில் ஒரு கல் கோணலாகப் போனால் தொண்டை கிழியக் கத்துகிறவன், என் பிள்ளை தன் தகப்பனுக்காகச் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு நின்றதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம்.

“வா, போய் சொல்லிடறேன்” என்றேன். “எல்லாம் நீதான்னு சொல்லிடறேன். ஒனக்குத்தானே அந்தப் பேரு சேரணும்.”

அவள் முகம் மாறிவிட்டது. சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அத்தா! சொல்லிட்டீங்கன்னா அண்ணன் எந்த ரூலையும் கேக்க மாட்டான். மொதல்ல எல்லாம் அம்மா வேல முடிக்கறதுக்குள்ள நாங்களே ஆரம்பிச்சிடுவோம். அம்மா இங்கேர்ந்து எட்டி எட்டிப் பாப்பாங்க. வந்து உக்காந்தாலும் அண்ணன் டீ கேப்பான், எந்திரிச்சு வந்துடுவாங்க. இப்பதான் ஆட்டம் முடியற வரைக்கும் உக்காந்து வெளையாடுறாங்க.”

வெளியிலிருந்து மைத்துனன் கூப்பிட்டான். “என்ன மச்சான், பிளான் அப்ரூவல் ஆச்சா?”

உண்மையைச் சொல்லிவிட்டு லேசாகிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்கும் வழி இல்லை. நான் சொன்னால் எனக்கு நிம்மதி, மனைவி திரும்பவும் அடுப்படி. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் போனேன்.

அவள் சொன்னபடியே கட்டினேன். சுற்றி வளைத்து, ஒரு பக்கம் வழி விட்டு, வாசலில் ஒரு வெள்ளைக் கல். அவசரத்தில் ஒரு கல் கோணிக்கொண்டது. திருப்பி எடுக்காமல் அப்படியே விட்டேன். கடைசிக் கல்லை வைப்பதற்குள் மனைவி கையைத் தட்டினாள்.

“கோட்ட! நம்ம ரஞ்சன்குடி கோட்ட!”

எல்லாரும் கைதட்டினார்கள். மகன் முகம் தெளிந்தது. முதல் சுற்று அசதியில் போயிற்று என்று அவனே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டான். அவன் என்னை நம்ப அத்தனை தயாராக இருந்தது வேறு உறுத்தியது. ஆட்டம் அஸ்ர் தொழுகை நேரம் வரை போயிற்று. என் முறை வந்தபோதெல்லாம் மகள் அடுப்படிக்கு எழுந்தாள், நான் பின்னால் போனேன். மனைவி ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை. மைத்துனனே போய்த் தனக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தான். சொம்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை, உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. மனைவி அங்கிருந்தே வழி சொன்னாளே தவிர எழவில்லை.

கடைசியில் நான்தான் ஜெயித்தேன்.

“எப்படி மச்சான் இதெல்லாம் யோசிக்கிறீங்க?” என்றான் மைத்துனன். “அவ்வளவு தூரத்துல இருந்துகிட்டு, வூட்டுல யாரு எப்ப உக்காரணும்கிற வரைக்கும்.”

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வெள்ளிக்கெழம வேற என்ன வேல மாப்ள” என்றேன்.

மனைவி தன் தம்பியின் பக்கம் திரும்பினாள். அவள் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

“நாம பொறந்த வூட்டுலகூட எனக்காக யாரும் எதையும் நிறுத்தி வச்சதில்லடா. சாப்பாட்டக்கூட. ஒனக்கே தெரியும். இவங்க நிறுத்தி வச்சாங்க. வெள்ளிக்கெழம காலையிலேயே எனக்கு சாயங்கால நெனப்பு வந்துடும்.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில்கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அட்டையைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன்.

“பாத்தியா,” என்று மைத்துனன் தன் மனைவியிடம் சொல்வது கேட்டது, “மச்சானுக்குக் கொஞ்சங்கூடப் பெருமை கெடையாது.”