இதய விடுதியில் நான் சொன்ன ‘சரி’

1. காலை ஏழரைக்கு எங்கள் ஆஸ்பத்திரியின் மகப்பேற்று விடுதியில் மூன்று தாய்மார்தான் இருந்தார்கள்.
2. இதய நோயாளர் விடுதியில் ஆள் குறைவென்று, தாதியான என்னை அங்கே அனுப்பினார்கள். கனடாவில் இதற்கு ‘புளோட்’ என்று பெயர்.
3. அங்கே பொறுப்பிலிருந்த தாதி டெனிஸ் ஐந்து நோயாளர்களின் பெயர்களை வாசித்து, “உங்களுக்குச் சரியா?” என்று கேட்டார். சரி என்றேன்.
4. பத்து மணிக்கு ஐந்தாவது கட்டிலின் மருந்துப் பம்ப் அலறியது. அந்த மருந்தை நான் அதற்குமுன் தொட்டதேயில்லை.

கட்டிலில் இருந்தவர் வோல்டர், எழுபத்தெட்டு வயது. அவருடைய இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடித்திருந்த மருந்து முடிந்துகொண்டிருந்தது. “நீங்கள் புதியவரா?” என்று கேட்டார். “இல்லை, பிள்ளை பிறக்கும் பகுதியில் இருந்து வருகிறேன்” என்றேன். “எனக்கு அது கொஞ்சம் பிந்திவிட்டதே!” என்று சிரித்தார். நான் அலறலை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாராவது வருவார்கள் என்று நம்பினேன்.

அந்த நம்பிக்கை யாழ்ப்பாணத்தில் பழகியது. அங்கேயும் ஒருநாள் பிரசவ அறையிலிருந்து ஆண்கள் சத்திரசிகிச்சை விடுதிக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே பொறுப்பிலிருந்த சிஸ்டர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. “பிரசவ வாட்டுப் பிள்ளையெல்லே நீர்? உந்தப் பம்பைத் தொடாதையும். ட்ரேயைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னாலை வாரும்” என்றார். நாள் முழுவதும் அவருடைய முதுகைப் பார்த்தபடி நடந்தேன். எனக்கு என்ன தெரியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பெரியவர்களுக்குச் சரி என்று சொல்வதில் ஆபத்து இருக்கவில்லை.

இங்கே ஒருவரும் வரவில்லை. வோல்டர் தலை சுற்றுகிறது என்றபோதுதான் நான் கூப்பிட்டேன். டெனிஸ் ஓடிவந்து புது மருந்துப் பையை மாட்டினார். சில நிமிடங்களில் அழுத்தம் ஏறியது. பிறகு நடைவழியில், “ஏன் சரி என்றீர்கள்?” என்று கேட்டார். “நீங்கள் வேலையாக இருந்தீர்கள்” என்றேன். அது அவருக்கு விளங்கவில்லை. இன்னும் சில நிமிடங்கள் நான் மரியாதையாக நின்றிருந்தால் அந்த மனிதர் என்னவாகியிருப்பார் என்பதை வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

லீவு நாளில், என்னோடு தாதிப் பயிற்சி பெற்று, இன்னும் யாழ்ப்பாணத்தில் குருநகரிலிருந்து வேலைக்குப் போய்வரும் ஜெனிற்றாவை அழைத்துச் சொன்னேன்.

“உனக்கு வாயில்லையோடி? ஏலாதெண்டு சொல்லுறதுதானே!”

“நீ எண்டால் உங்கடை சிஸ்டருக்குச் சொல்லுவியோ?”

“நான் ஏனடி சொல்லுறன்? அவ கேட்டால்தானே!”

இருவரும் சிரித்தோம். பிறகு ஒரு தாளில் இரண்டு நிரல்கள் எழுதினேன்: இதய விடுதியில் எனக்குச் செய்யத் தெரிந்தவை பதினொன்று, தெரியாதவை நான்கு. ‘தெரியாது’ என்று என் கையெழுத்தில் எழுதியது அதுதான் முதல்தடவை.

போன வாரம் மறுபடியும் அனுப்பினார்கள். டெனிஸ் ஐந்து பெயர்களை வாசித்தார். “நான்கு பேரைப் பார்க்கிறேன். பம்ப் பூட்டியிருக்கும் நோயாளரை என்னால் ஏற்க முடியாது” என்றேன். காது சுட்டது. அவர் தலையாட்டி, பெயரை வேறொருவருக்கு மாற்றி எழுதிவிட்டுப் போனார். ஏச்சும் இல்லை, “பின்னாலை வாரும்” என்ற சொல்லும் இல்லை.

இப்போதைய நிலை இது. வோல்டர் வீடு போய்விட்டார். அந்தப் பம்புக்கான பயிற்சிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அது முடியும்வரை என் நோயாளர் நான்கு பேர். இதய விடுதிக் கதவைத் திறக்கும்போது, எனக்கு முன்னால் நடந்துபோகும் ஒரு முதுகைக் கண்கள் இன்னும் தேடுகின்றன. முன்னால் ஒருவரும் இல்லை. உள்ளே போகிறேன்.