பஞ்சப்படி குமாஸ்தா சொன்ன விலை

மாதம் பிறந்து பத்தாம் தேதிக்குள் பெரும்பள்ளம் ஸ்பின்னிங் மில்லின் கேட்டருகே ஒரு காகிதம் ஒட்டப்படும். விலைவாசிப் புள்ளி இத்தனை ஏறியிருக்கிறது, அதனால் இந்த மாதப் பஞ்சப்படி இவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, பசை தடவி ஒட்டுகிறவர் ஆத்தப்பன். பதினோரு வருஷமாக மில்லில் அவருக்கு அதுதான் வேலை. ஒரு பைசா பிசகினாலும் யூனியன்காரர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். அவர் கணக்கில் அப்படி யாரும் வந்து நின்றதில்லை.

அறுபத்தேழாம் வருஷம் ஆவணி மாதம். அதற்கு முந்திய இரண்டு வருஷமும் மழை பொய்த்துப் பருத்தி விலை தாறுமாறாக ஏறியிருந்தது. நூலை வாங்க ஆளில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளே வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடின. மில் நட்டத்தில் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி சாமியப்பன் ஆத்தப்பனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"எங்க நங்கை பேர்ல தொள்ளாயிரம் ஷேர் இருக்குதல்லோ, அத வாங்கிக்கலாம்னு இருக்கறேன்" என்றார்.

நங்கை என்று அவர் சொன்னது, இறந்துபோன பெரியப்பா மகன் வேலுமணியின் மனைவி பொன்னாத்தாளை. அண்ணனும் தம்பியுமாகத்தான் அந்த மில்லை ஆரம்பித்தார்கள். வேலுமணி போய் மூன்று வருஷமாகிறது. அந்தத் தொள்ளாயிரம் பங்கும் வந்துவிட்டால் மில்லில் பாதிக்கு மேல் சாமியப்பன் கைக்கு வந்துவிடும். அப்புறம் அவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை.

"நாயித்துக்கெழம பொங்கலூர்ல சுப்பண்ண மாமா ஊட்டுல வெச்சுப் பேசறோம். போன வருசக் கணக்கும் அதுக்கு முந்துன வருசக் கணக்கும் மட்டும் ஒரு காயிதத்துல எழுதி எடுத்துக்கிட்டு நீயும் வந்துரு. அதப் பாத்தா மாமாவே அறுபது ரூவான்னு முடிச்சுருவாரு."

"சரிங்க" என்றார் ஆத்தப்பன்.

நூறு ரூபாய் முகமதிப்புள்ள பங்கு. ஒரு வருஷம் நட்டம், அதற்கு முந்திய வருஷம் லாபம் என்று பேருக்குக் கொஞ்சம். காகிதத்தில் எழுதிய எந்த எண்ணும் பொய்யில்லை. ஆனாலும் எழுதி முடித்த பிறகு பேனாவை மூட அவருக்குக் கை வரவில்லை. மழை பெய்யாத இரண்டு வருஷத்தை வைத்து ஒரு தோட்டத்துக்கு விலை பேசுவார்களா?

சனிக்கிழமை அரை நாள் லீவு. பத்து வருஷத்து அச்சடித்த கணக்குப் புத்தகங்களையும் ஆபீசிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தார். பங்குதாரர் எல்லோருக்கும் தபாலில் போகிற புத்தகங்கள்தான், ரகசியம் ஒன்றுமில்லை. வருஷ லாபங்களைக் கூட்டி, நட்டத்தைக் கழித்து, பத்தாலும், பிறகு மொத்தப் பங்குகளாலும் வகுத்தார். ஒரு பங்குக்குப் பதினோரு ரூபாய் வந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வாழ்க்கை வேறு மாதிரி போயிருக்கும்.

ஐம்பத்தேழில் ஒரு தொழிலாளி வாங்கிய நூறு ரூபாயும் இன்றைய நூறு ரூபாயும் ஒன்றல்ல என்று மாதாமாதம் எழுதி ஒட்டுகிறவர் அவர். ஆளின் கூலிக்கு அந்த நியாயம் உண்டென்றால் மில்லின் லாபத்துக்கு ஏன் இல்லை? பஞ்சப்படிக்கு வைத்திருந்த புள்ளி நோட்டை எடுத்தார். ஒவ்வொரு வருஷத்து லாபத்தையும் அந்த வருஷப் புள்ளியிலிருந்து இன்றைய புள்ளிக்கு உயர்த்தி, மறுபடி கூட்டி வகுத்தார். பதினேழு ரூபாய் சொச்சம் வந்தது.

மனைவி ரங்காத்தாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். கணக்கைக் கேட்டாள். அவளுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வம்பாகிவிட்டது.

"ஏனுங்க, இதையெல்லாம் அங்க போயிச் சொல்லப் போறீங்களா?"

"கேட்டாச் சொல்லுவேன். கேக்காட்டி எனக்கென்ன?"

"கேட்டாலும் சொல்லாதீங்க. ரெண்டு புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. அந்தம்மா நமக்கு என்ன ஒறவா?"

ஆத்தப்பன் காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுப்பண்ணன் பொங்கலூரில் பெரிய பண்ணையம் உள்ளவர். மில்லின் டைரக்டர். இரண்டு குடும்பத்துக்கும் மாமன் முறை. ஞாயிறு காலையில் அவர் வீட்டு முன்கூடத்தில் நாலே பேர்தான் இருந்தார்கள். சாமியப்பன் பங்கு மாற்றும் பாரத்தில் ஸ்டாம்பு ஒட்டித் தயாராக மேஜைமேல் வைத்திருந்தார். பொன்னாத்தாள் வெள்ளைச் சேலையில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மூத்த மகளுக்குத் தையில் கல்யாணம். அவளுக்குப் பணம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆத்தப்பன் இரண்டு வருஷக் கணக்கைப் படித்தார். சாமியப்பன், "சந்தையில அறுவதுக்கே ஆளில்ல மாமா. நம்ம நங்கைங்கறதால குடுக்கறேன்" என்றார்.

பொன்னாத்தாள் துணிப்பையை அவிழ்த்தாள். உள்ளே அந்தப் பத்துப் புத்தகங்களும் இருந்தன.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க மாமா. தபால்ல வந்ததையெல்லாம் பத்தரமா எடுத்து வெச்சிருக்கறேன். மில்லு பத்து வருசம் ஓடியிருக்குது. ரெண்டு வருசத்த மட்டும் படிச்சா எப்படிங்க? ஆத்தப்பண்ணன மிச்சத்தையும் படிக்கச் சொல்லுங்க."

சுப்பண்ணன் தலையாட்டினார். சாமியப்பனின் பார்வை தன்மேல் நிற்பது ஆத்தப்பனுக்குக் கழுத்தில் உறைத்தது. படித்தார். சராசரி கேட்டபோது பதினோரு ரூபாய் என்றார்.

"பத்து ரூவா போட்டா வருசத்துக்கு ஒரு ரூவா வரோணும். அந்தக் கணக்குல நூத்திப்பத்து" என்றார் சுப்பண்ணன்.

"சரிங்க மாமா, நூத்திப்பத்தே குடுத்தர்றேன்" என்றார் சாமியப்பன். மூச்சு விடும் நேரம்கூட ஆகவில்லை.

அறுபதிலிருந்து நூற்றுப்பத்து! பொன்னாத்தாளின் முகம் தெளிந்துவிட்டது. சுப்பண்ணன் சிரித்துக்கொண்டே பேனாவை அவள் பக்கம் தள்ளினார். எல்லோருக்கும் சந்தோஷம். ஆத்தப்பன் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. கேட்டால் சொல்வேன் என்றார், கேட்டார்கள், சொல்லிவிட்டார். ஆனால் சாமியப்பன் ஒத்துக்கொண்ட அந்த வேகம் அவர் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பஞ்சப்படியில் ஒரு ரூபாய்க்கு மூன்று நாள் பேரம் பேசுகிற மனுஷன் அவர்.

பொன்னாத்தாள் பேனாவைத் திறந்தாள்.

"ஒரு நிமிசமுங்க" என்றார் ஆத்தப்பன்.

குரல் வெளியே வந்த பிறகுதான் பேசியது தான் என்று அவருக்கே தெரிந்தது. மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஐம்பத்தெட்டுல மில்லு சம்பாரிச்ச ரூவாயும் இன்னைக்கு ரூவாயும் ஒண்ணில்லீங்க. அன்னைக்கு உங்க தோட்டத்துச் சோளம் மூட்டை என்ன வெலைக்குப் போச்சுங்க?"

சுப்பண்ணன் யோசித்தார். "இப்ப விக்கறதுல பாதி இருக்கும்."

"அந்தச் சோளத்தையும் இந்தச் சோளத்தையும் ஒரே வெலைன்னு கூட்டுவீங்களா? அப்படித்தானுங்க நாங் கூட்டியிருக்கறேன். எல்லா வருசத்தையும் இன்னைக்கு வெலைக்குத் தூக்கிக் கூட்டோணும். மில்லுல ஆளுகளுக்குப் பஞ்சப்படி போடறது அந்தக் கணக்குலதானுங்க." மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். "பங்குக்குப் பதினேழு ரூவா வருதுங்க. வெல நூத்தி எழுவது."

சாமியப்பன் காகிதத்தை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவர் கத்தியிருந்தால் ஆத்தப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் மெதுவாகத்தான் கேட்டார்.

"மிஷினு?"

"ஏனுங்க?"

"ஐம்பத்தாறுல வாங்குன மிஷினு தேஞ்சிக்கிட்டு இருக்குது. வருசா வருசம் தேய்மானம் கழிக்கறமே, அது அன்னைக்கு வாங்குன வெலைக்குத்தான். நாளைக்குப் புது மிஷினு வாங்கப் போனா ரெண்டு பங்கு வெல சொல்லுவான். லாபத்தத் தூக்குனவன் தேய்மானத்த ஏன் தூக்கல?"

ஆத்தப்பன் அதை நினைக்கவே இல்லை. முதலாளி சொல்வது சரி. பொன்னாத்தாள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழுப்பியிருந்தால் அங்கே மழுப்பலைக் கண்டுபிடிக்க யாருமில்லை, சாமியப்பனைத் தவிர. அவர் சொன்னால் சுப்பண்ணன் நம்பியிருக்கவும் மாட்டார்.

பென்சிலை வாங்கி, புத்தகங்களிலிருந்து பத்து வருஷத் தேய்மானத்தையும் எடுத்து, அதே புள்ளியால் உயர்த்தி, கூடுதலைக் கழித்தார். கால் மணி நேரம் ஆயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை.

"முதலாளி சொல்றது நெசமுங்க. அதக் கழிச்சாப் பதினஞ்சு ரூவா. வெல நூத்தியம்பது. இதுக்கு மேலயும் இல்லீங்க, கீழயும் இல்லீங்க."

"அப்ப நூத்தியம்பது" என்றார் சுப்பண்ணன்.

"நட்டத்துல ஓடற மில்லுக்கு நூத்தியம்பதா?" சாமியப்பன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நங்கை, நூத்திப்பத்து. இன்னைக்கு மட்டுந்தான்."

பொன்னாத்தாள் ஆத்தப்பனைப் பார்த்தாள், பாரத்தைப் பார்த்தாள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "வேண்டாமுங்க தம்பி. இருக்கட்டும்."

திங்கள்கிழமை ஆத்தப்பனின் மேஜை ஆபீசில் இல்லை. கழிவுப் பஞ்சுக் குடோனுக்குப் போயிருந்தது. சம்பளத்தைக் குறைக்கவில்லை. பஞ்சு மூட்டைகளை எடை போட்டு எழுதுகிற வேலை. ஒரு மாதத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. ரங்காத்தாள், "நாஞ் சொன்னேனல்ல" என்று ஒருநாளும் சொல்லவில்லை. கஷாயம் வைத்துக் கொடுக்கும்போது டம்ளரை டங்கென்று வைப்பாள், அவ்வளவுதான்.

குடோனைவிட அவரை அரித்தது வேறொன்று. அடுத்த வருஷமும் மில் நட்டம். டிவிடெண்ட் ஒரு பைசா இல்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. பொன்னாத்தாள் மகள் கல்யாணத்துக்கு இரண்டு ஏக்கர் தோட்டத்தை விற்றாள் என்று கேள்விப்பட்டபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒவ்வொரு புதுக் கணக்குப் புத்தகம் வந்ததும் பழைய வருஷம் ஒன்றைத் தள்ளிவிட்டுப் புது வருஷத்தைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. அப்புறம் நூற்று முப்பத்தெட்டு. இடிந்து விழவில்லைதான். ஆனால் வெளியே நாற்பது ரூபாய்க்குக்கூட அந்தப் பங்கைத் தொட ஆளில்லை. தான் போட்டது கணக்கா, கண்கட்டு வித்தையா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு திங்கள்கிழமை பல்லடம் சந்தையில் அவளைத் தூரத்தில் பார்த்தார். தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் ஒதுங்கினார். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏனுங் ஆத்தப்பண்ணா, எதுக்கு ஒளியறீங்க?"

"ஒளியிலீங்க."

"அன்னைக்கு நூத்திப்பத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தா எந் தோட்டம் எங்கிட்ட இருந்திருக்கும்."

அவர் தலை குனிந்தார். "கணக்குல தப்பில்லீங்க. ஆனா அந்த வெல எப்பக் கைக்கு வரும்னு அந்தக் கணக்கு சொல்லாதுங்க."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லியிருக்கோணுமுங்க" என்றார் ஆத்தப்பன். "அன்னைக்கு அது எனக்கே தெரியாதுங்க."

அவள் கூடையிலிருந்த தக்காளியை எடுத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே, "சரி, போயிட்டு வாங்க. இருமலுக்கு மருந்து பாருங்க" என்றாள்.

எழுபதில் மழை நன்றாகப் பெய்தது. திருப்பூரில் தெருவுக்குத் தெரு பனியன் கம்பெனி முளைத்தது. நூலுக்கு ஆட்கள் மில் வாசலில் லாரியோடு காத்துக் கிடந்தார்கள். அந்த வருஷம் பங்குக்கு ஒன்பது ரூபாய் டிவிடெண்ட் வந்தது. எழுபத்தொன்றில் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் பொன்னாத்தாள் வீட்டுக்கே வந்து, நூற்று அறுபதுக்குப் பங்கைக் கேட்டார். செய்தி தெரிந்த அன்று மாலையே சாமியப்பன் அவள் வீட்டு வாசலில் காரை நிறுத்தினார். ஐந்நூறு பங்கை அதே விலைக்குச் சாமியப்பனுக்கே கொடுத்தாள். மீதி நானூறை வைத்துக்கொண்டாள். பாரத்தை ஆத்தப்பன் படித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து என்று அவள் பிடிவாதம் பிடித்ததால் அவரையும் காரில் கூட்டி வந்திருந்தார்கள்.

கையெழுத்து முடிந்து வெளியே வந்ததும் சாமியப்பன் கேட்டார். நாலு வருஷத்தில் ஆத்தப்பனிடம் அவர் நேராகப் பேசியது அன்றுதான்.

"இன்னைக்குப் புள்ளி போட்டுப் பாத்தயா?"

"பாத்தனுங்க. நூத்தி அறுவத்தஞ்சு."

"அப்ப அஞ்சு ரூவா எனக்கு லாபம்."

"மிஷினு இன்னம் நாலு வருசம் பழசாயிருச்சுங்க. அத நான் முழுசாக் கழிக்கிலீங்க."

சாமியப்பன் சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தார். "ஏறு, ஊட்ல எறக்கி உட்டர்றேன்" என்றார். பழைய மேஜையைப் பற்றி அவரும் பேசவில்லை, இவரும் கேட்கவில்லை. ரிட்டயராகும் வரை ஆத்தப்பன் கழிவுப் பஞ்சுக் குடோனில்தான் இருந்தார்.