துரை காரின் ஆட்டம்

நின்ற இடத்தில் அணையாமல் நிற்க வேண்டும். அந்தக் காரிடம் நான் கேட்டது அவ்வளவுதான். ஓடும்போது ஒரு குறையும் இல்லை, சிக்னலில் நின்றால்தான் வம்பு. இன்ஜின் சத்தம் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், கடைசியில் ஒரு இருமல் இருமி அணைந்துவிடும். பின்னால் நிற்கும் லாரிக்காரன் ஹாரனிலேயே என் பரம்பரையை விசாரிப்பான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தேன். சுங்காய் பக்கம் நான் பிறந்த ரப்பர் தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை, தோட்டம் கைமாறி ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார். இரண்டே கதவுள்ள ஸ்போர்ட்ஸ் கார். கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சி அடிக்கும் இன்ஜெக்‌ஷன். சின்ன வயதில் துரையின் வண்டி வந்தால் நாங்கள் சாலையோர லோங்காங் சாக்கடையில் இறங்கி நின்று வழிவிடுவோம். இப்போது துரையின் சாவி என் சட்டைப்பையில் இருந்தது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என் மனைவிக்கு நாலு கதவு வேண்டியிருந்தது. பட்டுப் புடவையோடும் இரண்டு பிள்ளைகளோடும் பின் சீட்டுக்குள் தவழ்ந்து அலுத்துவிட்டாள். காருக்குச் 'சின்ன வீடு' என்று பெயரே வைத்துவிட்டாள். ஒருநாள் முடிவாகச் சொன்னாள்: "இத வித்துட்டு வேற வாங்குங்க. இல்லன்னா நானும் பிள்ளைங்களும் பஸ்ஸுலயே போயிக்கிறோம்." நான் தலையாட்டிவிட்டுக் காரைத் துடைக்கப் போனேன்.

அந்த வாரமே ஆட்டம் தொடங்கியது. தன்னை விற்கப் போவது தெரிந்து கார் கோபித்துக்கொண்டது என்றே நினைத்தேன்.

பட்டறை முதலாளி தவுக்கே பானெட்டைத் திறந்து, கார்புரேட்டரைத் தேடி, கிடைக்காமல் மரியாதையாக மூடிவிட்டார். நானே இறங்கினேன். அந்த இன்ஜின் உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்குத் தகுந்த பெட்ரோலைக் கொடுக்கும். அளக்காத காற்று எங்கேயாவது திருட்டுத்தனமாக நுழைந்தால் அதற்குக் கணக்குக் குழம்பிவிடும். ரப்பர் குழாய் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவி ஓட்டை தேடினேன். "தலைக்கும் ஊத்துங்க" என்றாள் மனைவி ஜன்னலிலிருந்து.

வாங்க வந்தவர்களும் ஓடினார்கள். யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், சிம்பாங் பூலாய் சந்திப்பில் கார் அணைந்ததும் கீழே இறங்கியவர் திரும்பி ஏறவே இல்லை. லூமுட்டிலிருந்து வந்த கடற்படைக்காரர், "அண்ணே, நான் கப்பல்ல ஆடுறவன். கரையிலயும் ஆடணுமா லா?" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். மனைவியின் முகம்தான் தொங்கிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டர் ஒருவர் காரைப் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் இன்ஜினை ஓடவிட்டு, துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடிமேல் என் கை அழுந்தியது. சத்தம் அடங்கிச் சீரானது. கையை எடுத்தேன், ஆட்டம். இன்ஜினை அணைத்து மூடியைத் திருகி எடுத்தால், அதன் கழுத்தைச் சுற்றிச் சுற்றி எண்ணெயில் கறுத்த கயிறு! மூடி எப்படிச் சரியாக உட்காரும்? அந்த இடுக்கு வழியாகத்தான் திருட்டுக் காற்று நுழைந்திருக்கிறது. கயிற்றை அறுத்தெடுத்து, மூடி, மறுபடி கிளப்பினேன். கார் நின்ற இடத்தில் பாடியது.

கயிற்றோடு உள்ளே போனேன். மனைவி அசரவில்லை. "மந்திரிச்ச கயிறு. வண்டி கழுத்துல கட்டச் சொன்னாரு பூசாரி. உள்ள பாத்தா அந்த மூடிக்குத்தான் கழுத்து மாரி இருந்துச்சு."

எனக்கு மனசு இளகிவிட்டது. "கார் நல்லா ஓடணும்னா?"

"இல்லங்க. சீக்கிரம் வித்துப் போகணும்னு."

"அட பாவி! அந்தக் கயித்தாலதான் விக்காமலே நின்னுச்சு!" என்று கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது. இனி வருகிற எவரும் இந்தக் காரை விட்டுவிட்டுப் போக மாட்டார். கயிறு இன்னும் என் கையில்தான் இருந்தது. திரும்பக் கட்டிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் பாடுகிற இன்ஜினின் கழுத்தை நெரிக்க மனசு வரவில்லை.

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

"விக்கணும்னு வேண்டிக்கிட்டுதானே கட்டுனேன்?"

"ஆமா."

"கட்டுன கயிறே வந்தவங்கள எல்லாம் வெரட்டிருக்கு."

"ஆமா."

"அப்ப ஆத்தாளுக்கு இஷ்டமில்ல."

வெளியே பல் டாக்டர் வந்துவிட்டார். காரின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டவர், நான் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் தரத் தயார் என்றார். என் மனைவி வாசல் கேட் பக்கம் போய்க் கைகூப்பினாள். "மன்னிச்சிக்குங்க. சாமி உத்தரவு கிடைக்கல."

அவரும் நம்மவர்தான். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்காமல், வானத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நான் காரைப் பிடித்துக்கொண்டு வாயை இறுக மூடி நின்றேன். திறந்தால் காற்றைப் பற்றிய விளக்கம் வந்துவிடுமோ என்று பயம்.